அடம், மறியல், கலகம், புரட்சி... ‘முடியாது’ என்பதற்கு இத்தனை சொற்களா?

பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது குழந்தை. அதற்குப் பெயர் ‘அடம்’. மாமியார் சொன்ன ஒன்றை மருமகள் மறுத்தால் ‘திமிர்’. தொழிற்சாலையில் ஒருவர் மறுத்தால் மேலாளரின் கடிதத்தில் ‘கீழ்ப்படியாமை’. அதே செயல் சங்கத்தின் நோட்டீஸில் ‘போராட்டம்’. ஊரே திரண்டு மறுத்தால் ஆள்பவர்களுக்கு அது ‘கலகம்’. ஐம்பது வருஷம் கழித்துப் பாடப்புத்தகத்தில் அதுவே ‘எழுச்சி’.

செயல் ஒன்றுதான், ‘முடியாது’ என்று சொல்வது. ஆனால் அதற்கு எந்தப் பெயரை வைக்கிறோம் என்பதில்தான் பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. எதிர்ப்பைக் குறிக்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன, யார் பக்கம் நிற்கின்றன? இந்த வாரம் அந்தச் சொற்களின் கதை.

வீட்டுக்குள் புழங்கும் சொற்கள்

அதிகாரம் என்றதும் அரசாங்கமும் போலீஸும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு மனிதர் சந்திக்கும் முதல் அதிகாரம் வீட்டில்தான் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, தமிழில் எதிர்ப்புக்கான சொற்கள் அதிகம் கிடைப்பதும் வீட்டுக்குள்தான்.

அடம், பிடிவாதம், முரண்டு, வீம்பு, சண்டித்தனம். எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றல்ல.

குழந்தை அடம்பிடிக்கும், ஏதோ ஒன்று வேண்டும், கிடைத்ததும் அடங்கிவிடும். முரண்டு அப்படியில்லை. ‘முரண்’ என்பதோடு உறவுள்ள சொல் அது. சொல்வதற்கு நேர் எதிராக நிற்பது. வீம்பு இன்னும் ஒரு படி மேலே. தனக்கே நஷ்டம் என்று தெரிந்தும் விட்டுக்கொடுக்காமல் இருப்பது. பசித்தாலும் சாப்பிட வராத கோபம் வீம்புதான்.

சண்டித்தனம் மாட்டுக் கொட்டகையோடு தொடர்புள்ள சொல். ஏரிலோ வண்டியிலோ பூட்டியதும் நகராமல் படுத்துக்கொள்ளும் மாட்டைச் ‘சண்டி மாடு’ என்பார்கள். அது முட்டாது, ஓடாது. எழுந்திருக்காது, அவ்வளவுதான். எவ்வளவு அடித்தாலும் வண்டி நகராது. வன்முறையே இல்லாத முழு மறுப்பு! மாட்டைப் பார்த்துச் சொன்ன அந்தச் சொல்லைத்தான் இன்று மனிதர்களுக்கும் பயன்படுத்துகிறோம்.

இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனிக்கலாம். எதுவுமே மறுப்பவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயரில்லை. ‘நான் முரண்டு பிடிக்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு வைத்த பெயர்கள் இவை.

அவனுக்கு ரோஷம், அவளுக்கு ராங்கி

பெண் மறுத்தால் அதற்கென்றே தனி அகராதி இருக்கிறது. வாயாடி, ராங்கிக்காரி, அடங்காப்பிடாரி.

பிடாரி என்பது கிராமத்துக் காவல் தெய்வத்தின் பெயர். ஊர் எல்லையில் கோயில் கட்டி, திருவிழா எடுத்துக் கும்பிடும் அம்மன். கோயிலில் இருக்கும்வரை அந்த உக்கிரம் காவல். வீட்டுப் பெண்ணிடம் அதன் சாயல் தெரிந்தால் அது வசவு. ‘அடங்காப்பிடாரி’க்கு ஆண்பால் சொல் கிடையாது. ஓர் ஆண் அதே குரலில் அதையே பேசினால் ‘ரோஷக்காரன்’, ‘மனசில் பட்டதைச் சொல்பவர்’.

ஒரு பெண் நியாயமான கேள்வியைக் கேட்கும்போது, பதில் சொல்வதைவிட ஒரு பட்டப்பெயர் சூட்டுவது சுலபம். கேள்வி காணாமல் போய்விடும். பெயர் மட்டும் அவரோடு தங்கிவிடும்.

காந்தி தேடிய சொல்

அடம் பிடிப்பது, முரண்டு பிடிப்பது, பிடிவாதம்... எல்லாவற்றிலும் ஒரு ‘பிடி’ இருக்கிறது அல்லவா? உலகமே அறிந்த ஓர் எதிர்ப்புச் சொல்லிலும் அதே பிடி உண்டு: சத்தியாகிரகம்.

1906 செப்டம்பர் 11 அன்று தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் கூடி, தங்களை இழிவுபடுத்தும் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். அந்தப் போராட்டத்தை ஆங்கிலத்தில் ‘பேசிவ் ரெசிஸ்டன்ஸ்’ என்றார்கள். செயலற்ற எதிர்ப்பு என்ற பொருள் தரும் அந்தப் பெயர் காந்திக்குப் பிடிக்கவில்லை. இது பலவீனர்களின் வழி என்று மற்றவர்கள் நினைக்க அது இடம் கொடுத்தது. தன்னுடைய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் புதுப் பெயருக்குப் போட்டியே வைத்தார். உறவினர் மகன்லால் காந்தி ‘சதாக்கிரகம்’ என்று எழுதி அனுப்பினார். அதைத் திருத்திக் காந்தி உருவாக்கியதுதான் ‘சத்தியாகிரகம்’.

ஆக்கிரகம் என்றால் உறுதியாகப் பற்றிக்கொள்வது. உண்மையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. குழந்தையின் பிடிவாதத்துக்கும் சத்தியாகிரகத்துக்கும் உள்ள வித்தியாசம் பிடியில் இல்லை. எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதில்தான்.

அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் ஒருவர் தில்லையாடி வள்ளியம்மை. தமிழ்க் குடும்பத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். சிறையில் நோய்வாய்ப்பட்டு, விடுதலையான சில நாட்களிலேயே, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. ‘அடம் பிடிக்கிற பெண்’ என்று வீட்டில் சொல்லக்கூடிய வயதுதான்.

மறியல்: ஒரு சொல், இரண்டு எதிர் அர்த்தம்

‘மறி’ என்றால் தடு, வழியை அடை என்று பொருள். தமிழ்நாட்டில் ‘சாலை மறியல்’ என்றால் மக்கள் வழியை அடைக்கிறார்கள். குடிநீர் வரவில்லையா? காலிக் குடங்களோடு சாலை மறியல்.

இலங்கைத் தமிழில் இதே சொல் எதிர்ப்பக்கம் நிற்கிறது. அங்கே ‘விளக்கமறியல்’ என்றால் விசாரணைக் கைதியாகச் சிறையில் வைத்திருப்பது. சிறைச்சாலைக்கு ‘மறியற்சாலை’ என்றும் பெயர். இங்கே மக்கள் அதிகாரத்தை மறிப்பது மறியல். அங்கே அதிகாரம் மனிதரை மறித்து வைப்பது மறியல்.

தெருவுக்கு வந்த மற்ற சொற்களுக்கும் இப்படிப் பழைய கதை உண்டு. ‘ஆர்ப்பு’ என்றால் பேரொலி. அதிலிருந்து ஆர்ப்பாட்டம். ஆனால் வீட்டில் ‘ஆர்ப்பாட்டமில்லாமல் கல்யாணத்தை முடிச்சுட்டாங்க’ என்றும் சொல்கிறோம். ‘முற்றுகை’ போர்க்களச் சொல். பகைவர் கோட்டையை வளைப்பதைச் சங்க இலக்கணம் உழிஞைத் திணை என்கிறது. இன்று கோட்டைக்குப் பதில் வட்டாட்சியர் அலுவலகம்.

‘தர்ணா’ கடன்காரர்களிடமிருந்து வந்தது. பணத்தைத் திருப்பித் தராதவரின் வாசலில் கடன் கொடுத்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாவம் வீட்டுக்காரரைச் சேரும் என்பது நம்பிக்கை. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 508-வது பிரிவில், தெய்வக் கோபம் வரும் என்று பயமுறுத்துவதற்கு உதாரணமாகவே இந்தத் தர்ணா சொல்லப்பட்டிருந்தது. குற்றத்துக்கு உதாரணமாக இருந்த ஒரு செயல், பிறகு போராட்டத்தின் பெயராகிவிட்டது.

‘ஹர்த்தால்’ குஜராத்திச் சொல். கடைக்குப் பூட்டு என்பதே அதன் பொருள். தமிழ்நாட்டில் இன்று ‘கடையடைப்பு’, ‘பந்த்’ என்றே அதிகம் சொல்கிறோம். இலங்கையில் ஹர்த்தால்தான் வழக்கு. அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு தேதியும் உண்டு: 1953 ஆகஸ்ட் 12. ரேஷன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்த, நாடே ஸ்தம்பித்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

மனிதரின் பெயரே சொல்லான கதை

புறக்கணிப்புக்கு ஆங்கிலத்தில் ‘பாய்காட்’. அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

சார்லஸ் பாய்காட் என்பவர் அயர்லாந்தின் மேயோ பகுதியில், நிலப்பிரபு ஒருவரின் பண்ணை நிர்வாகி. 1880-ல் விளைச்சல் சரியில்லை, குத்தகையைக் குறையுங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். அவர் குடியானவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்ற முயன்றார். ஊர் ஒன்றுகூடி ஒரு முடிவெடுத்தது. அவரை யாரும் அடிக்கவில்லை. அவரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரர்கள் பொருள் விற்கவில்லை. வயலில் பயிர் நின்றது, அறுக்க ஆளில்லை.

வெளியூரிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக நூற்றுக்கணக்கில் ராணுவமும் போலீஸும். சுமார் 500 பவுண்டு மதிப்புள்ள விளைச்சலை எடுக்க 10,000 பவுண்டு வரை செலவானது என்று அப்போது கணக்கிட்டார்கள். அந்த வருட இறுதிக்குள் பாய்காட் அயர்லாந்தைவிட்டுக் கிளம்பிவிட்டார். பெயர் மட்டும் உலக மொழிகளில் தங்கிவிட்டது.

தமிழில் முதலில் ‘பகிஷ்காரம்’ என்றார்கள். பிறகு ‘புறக்கணிப்பு’ ஆனது. ‘புறம்’ என்பதற்கு முதுகு என்றும் பொருள் உண்டு. முகம் திருப்பிக்கொள்வது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர் சேர்ந்து ஒரு நிர்வாகியிடம் பேச மறுத்தால் புறக்கணிப்பு. அதே ஊர் சேர்ந்து ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கடையில் பொருள் தராமல், குழாயில் தண்ணீர் பிடிக்க விடாமல் செய்தால்? அதற்கு நம்மிடம் வேறு சொல் இருக்கிறது: ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தல். செய்வது ஒன்றேதான், திசைதான் வேறு. கீழிருந்து மேலே போனால் எதிர்ப்பு. மேலிருந்து கீழே வந்தால் கொடுமை. சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தம், அவர்களைச் சமூக, பொருளாதார ரீதியில் ஒதுக்கி வைப்பதைக் குற்றம் என்கிறது.

கலகமா, எழுச்சியா?

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடிவதற்குள் நடந்ததை வெள்ளையர்கள் ‘மியூட்டினி’ என்று எழுதினார்கள். தமிழில் அது ‘சிப்பாய்க் கலகம்’ ஆனது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் சிப்பாய்களைக் கொந்தளிக்க வைத்தன. வெள்ளை அதிகாரிகளும் வீரர்களும் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து வந்த படை அன்றே கோட்டையை மீட்டு, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது. பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சென்னை கவர்னர் பெண்டிங்க் பிரபுவே லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். இன்று அதை ‘வேலூர்ப் புரட்சி’ என்கிறோம்.

‘கலகம்’ வடமொழியிலிருந்து வந்தது. சண்டை, சச்சரவு என்று பொருள். காரணம் என்ன என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. ஏதோ கூச்சல், குழப்பம், அடங்கிவிட்டது என்பதோடு முடித்துவிடும். ‘எழுச்சி’ என்று சொல்லும்போது, அதுவரை அழுத்தி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதும் சேர்ந்தே வருகிறது.

1908 மார்ச்சில் வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதானதும் திருநெல்வேலி மக்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அரசுக் கோப்புகளில் அது ‘கலவரம்’. நூறாண்டு கழித்து ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதி, 2024-ம் ஆண்டுக்கான சாகித்திய அகாடமி விருது பெற்ற நூலின் தலைப்பிலோ அது ‘எழுச்சி’.

வ.உ.சி. மீது சுமத்தப்பட்ட குற்றத்தின் பெயரும் கவனிக்க வேண்டியது: ராஜத்துரோகம். இன்று பலரும் அதைத் ‘தேசத்துரோகம்’ என்று கலந்து பேசுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஆட்சியை எதிர்ப்பது ஒன்று. நாட்டுக்குக் கேடு செய்வது வேறொன்று. ராஜத்துரோகி என்று தண்டிக்கப்பட்டு, கோவைச் சிறையில் செக்கிழுக்க வைக்கப்பட்டவரைத்தான் நாம் ‘செக்கிழுத்த செம்மல்’ என்று கொண்டாடுகிறோம். தண்டனையே பட்டமாகிவிட்டது!

புரட்சியும் புரட்டும்

புரள், புரட்டு என்ற வினைகளோடு சேர்ந்தது புரட்சி. கீழே இருப்பதை மேலாகத் திருப்பிப் போடுவது. ஆங்கில ‘ரெவல்யூஷன்’ என்ற சொல்லும் சுழற்சியிலிருந்து வந்ததுதான். 1543-ல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பில் அது வானத்துக் கோள்கள் சுற்றுவதைத்தான் குறித்தது. அரசியல் அர்த்தம் அதிகமாகப் பரவியது பிற்பாடு.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் பட்டமாகவும் ஆகிவிட்டது. பாரதிதாசன் புரட்சிக் கவிஞர், எம்.ஜி.ஆர். புரட்சித் தலைவர், ஜெயலலிதா புரட்சித் தலைவி, விஜயகாந்த் புரட்சிக் கலைஞர். ஆள்பவர்களே புரட்சிப் பட்டத்தோடு ஆண்ட ஊர் வேறெங்கும் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். கூடவே, பொய்க்கும் மோசடிக்கும் தமிழ் வைத்திருக்கும் பெயர் ‘புரட்டு’ என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே வேரில் கிளைத்தவை!

சத்தமில்லாத எதிர்ப்பு

எல்லா எதிர்ப்பும் கொடி பிடிப்பதில்லை. டிமிக்கி கொடுப்பது, தண்ணி காட்டுவது, காது கேட்காததுபோல இருப்பது, சொன்ன வேலையை ஆறப்போடுவது... இவையும் எதிர்ப்புதான் என்கிறார் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட். மலேசியாவின் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, 1985-ல் ஒரு நூல் எழுதினார். நேரடியாக எதிர்த்தால் வயிற்றில் அடி விழும் என்று தெரிந்த ஏழைகளின் ஆயுதம் இது என்பது அவர் முடிவு.

அலுவலகங்களில் ‘விதிப்படி வேலை’ என்றொரு போராட்டம் உண்டு. விதியை மீறுவதில்லை, ஒவ்வொரு விதியையும் ஒன்றுவிடாமல் கடைப்பிடிப்பார்கள். எல்லாமே நத்தை வேகத்துக்கு வந்துவிடும். முழுக்கக் கீழ்ப்படிவதே எதிர்ப்பாகிற விந்தை இது.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் உத்தரவிட்டார். மக்கள் எதிர்த்துக் கோஷம் போடவில்லை. வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது? யாருமில்லை, மரத்தில் இருந்தது! இந்த எதிர்ப்புக்கு இன்றுவரை எந்த அகராதியிலும் பெயரில்லை.

அதிகாரமும் கேட்க வேண்டிய சொல்

எதிர்ப்பவரை மதித்து வைத்த சொல் தமிழில் இல்லையா? இருக்கிறது: இடித்துரைத்தல். அரசனாகவே இருந்தாலும் தவறு செய்தால் முகத்துக்கு நேரே சொல்வது. அப்படிச் சொல்ல ஆளில்லாத அரசன், பகைவர்கள் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறது திருக்குறள். அதாவது, எதிர்த்துப் பேசுகிறவர் அதிகாரத்துக்குப் பாதுகாப்பு.

கண்ணகி பாண்டியன் அவையில் செய்ததும் வெறும் கோபமில்லை. சிலப்பதிகாரம் அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் ‘வழக்குரை காதை’. அவள் வழக்கு உரைத்தாள்; சிலம்பை உடைத்து ஆதாரம் காட்டினாள். அடங்காப்பிடாரி என்று அவளை யாரும் சொல்லவில்லை. தெய்வமாக்கிக் கோயில் எடுத்தார்கள்.

தொழில் சட்டத்திலும் இந்த நியாயம் எட்டிப் பார்த்திருக்கிறது. 1946-ம் ஆண்டின் மாதிரி நிலையாணைகளில், கீழ்ப்படியாமையைக் குற்றம் என்று சொன்ன இடத்திலேயே ஒரு நிபந்தனையும் இருந்தது. மேலதிகாரியின் உத்தரவு ‘சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும்’ இருக்க வேண்டும். உத்தரவே நியாயமில்லை என்றால், அதை மறுப்பது கீழ்ப்படியாமை ஆகாது.

வீட்டுக்கும் இதே அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை ‘மாட்டேன்’ என்று சொல்லும்போது அடம், திமிர் என்று பெயர் வைக்கும் முன் ‘ஏன்?’ என்று ஒருமுறை கேட்டுவிடலாம். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, அங்கே யாரையோ பார்த்துப் பயந்துகொண்டிருக்கலாம். ‘அடம்’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பயம் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

உங்கள் வட்டாரத்தில் சொல்பேச்சு கேட்காதவர்களுக்கு என்ன பெயர்? வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். அகராதிக்குள் வராத சொல் ஒன்று நிச்சயம் கிடைக்கும். கூடவே, அந்தப் பெயரை அவர்கள் யாரிடமிருந்து, எதற்காக வாங்கினார்கள் என்ற கதையும் கிடைக்கும்.